சுவிட்சைக் கழற்றும் முன்

திருநெல்வேலியிலும் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் உள்ள பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகளின் பட்டறைகளில் சொந்தமாகக் கார் கட்டும் மாணவர் குழுக்களுக்கு,

வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, தண்ணீர்ச் சூடு ஏறிக்கொண்டே போகிறது, ரேடியேட்டர் ஃபேன் சுற்றக் காணோம். இந்த நிலையில் பட்டறையில் இரண்டே பேச்சுதான் கேட்கும். ஒன்று, "ஃபேன் சுவிட்ச் போச்சு, புதுசு வாங்கணும்." இன்னொன்று, "சுவிட்சே வேண்டாம், டைரக்ட் குடுத்துரலாம்." இரண்டையும் மறுப்பதற்காகவே இந்த மடல். நீங்களே கட்டிய காரில் ஃபேன் ஓடாவிட்டால் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருள் அந்த சுவிட்ச். சுவிட்ச், ரிலே, ஃபேன் மோட்டார் மூன்றும் தொழிற்சாலையில் செய்து சோதித்து வந்தவை. அவற்றைச் சேர்க்கும் ஒயர், ஒயர் நுனியில் நசுக்கிய டெர்மினல், எர்த் பிடித்த போல்ட், சுவிட்சுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த இடம், இவை எல்லாம் கைவேலை. பழுது பெரும்பாலும் கைவேலையில்தான் ஒளிந்திருக்கும். நாமோ கையால் செய்ததை நம்பிவிட்டு, கடையில் வாங்கியதைக் கழற்றுகிறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதில் தப்பில்லை என்றே முதலில் தோன்றும். பத்து வருடம் ஓடிய ஒரு கார் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் வருகிறது. அவர் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, இரண்டு ஒயரையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்க்கிறார். ஃபேன் சுற்றுகிறது. சுவிட்சை மாற்றுகிறார், வண்டி சரியாகிவிடுகிறது. அவர் கணக்கு பலிப்பதற்குக் காரணம், அந்தக் காரின் ஒயரிங் பத்து வருடம் வேலை செய்து தன்னை நிரூபித்திருக்கிறது. அதே வரைபடம் லட்சக்கணக்கான கார்களில் ஓடுகிறது. மத்திய மோட்டார் வாகன விதி 126ன்படி அந்த மாடலின் மாதிரி வண்டி சோதனை நிறுவனத்துக்குப் போய்ச் சான்று வாங்கிய பிறகே விற்பனைக்கு வந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் மிச்சம் இருப்பது தேய்ந்து போகக்கூடிய பாகம் மட்டும்தான், அதாவது சுவிட்ச். பந்தயத் திடலுக்கு மட்டும் என்று நீங்கள் கட்டிய காருக்கு இந்தச் சாட்சிகளில் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு வாரத்துக்கு முன் இழுத்த ஒயர், நேற்று வெல்டிங் செய்த பிடிப்பு, யார் மண்டையிலோ மட்டும் இருக்கும் வரைபடம். எலெக்ட்ரீஷியனின் துண்டுக் கம்பிச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள், அது அருமையான சோதனை. அவர் அதிலிருந்து எடுக்கும் முடிவு உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

பாஹா வண்டி கட்டும் குழுக்களுக்கு இந்தத் தலைவலி இல்லை; அந்தப் போட்டியில் கொடுக்கப்படும் எஞ்சின் காற்றிலேயே குளிர்வது. ஃபார்முலா வகைப் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்குத்தான் இது. கோவை செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் நடக்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்து 1980களின் இறுதியில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கோவையிலேயே கட்டிக் காட்டிய கரிவர்தனின் பெயரைத் தாங்கிய திடல் அது. அங்கே வரும் பல வண்டிகளில் இருப்பது கே.டி.எம். 390 பைக்கின் 373 சிசி எஞ்சின். பைக்கில் முன்சக்கரத்துக்குப் பின்னால் காற்றுக்கு நேராக நிற்க வேண்டிய ரேடியேட்டர், உங்கள் காரில் பக்கவாட்டில், ஓட்டுநரின் தோளுக்கு அருகே ஒண்டிக்கொள்கிறது. போதாததற்கு இவ்வகைப் போட்டிகளின் ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிகள் எஞ்சினுக்கு வெறும் தண்ணீரை மட்டுமே அனுமதிக்கின்றன. கூலன்ட் சிந்தினால் திடல் வழுக்கும் என்பதே காரணம். ஆக, கொதிநிலையைச் சற்று உயர்த்தித் தரும் கிளைக்காலும் இல்லை, துரு தடுக்கும் மருந்தும் இல்லை. ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் மட்டுமே துணை. 1.1 பார் மூடி சரியாக மூடினால் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் கசிந்தால் 100லேயே கொதிக்கும். சுமார் 22 கிலோமீட்டர் என்டியூரன்ஸ் ஓட்டத்தின் நடுவே ஓட்டுநர் மாற எஞ்சினை அணைக்கிறார்கள். தண்ணீர் ஓட்டம் நின்றுவிட, எஞ்சின் உலோகத்தில் தேங்கிய சூடு உள்ளே நிற்கும் தண்ணீருக்கு ஏறுகிறது. திரும்ப ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நிமிடங்களில் ஃபேன் ஓடாத வண்டிக்கு மறுபாதி ஓட்டம் சந்தேகம்தான்.

சுவிட்ச் செய்வது ஒரு சின்ன வேலை. உள்ளே இரட்டை உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. குறித்த சூடு வந்ததும் அது டக்கென்று வளைந்து தொடுமுனைகளைச் சேர்க்கும், சில டிகிரி இறங்கியதும் பிரிக்கும். 92ல் சேர்ந்து 87ல் பிரிவது ஒரு பரவலான அளவு. அந்த ஐந்து டிகிரி இடைவெளி இல்லாவிட்டால் ஃபேன் நொடிக்கொரு தரம் ஓடி ஓடி நிற்கும். இந்த சுவிட்சில் இரண்டு வகை உண்டு: இரண்டு முனை உள்ளது, ஒற்றை முனை உள்ளது. ஒற்றை முனை சுவிட்சுக்குத் தன் உடம்பே எர்த். தொழிற்சாலைக் காரில் அதை எஞ்சினின் உலோகத்தில் திருகுவார்கள். எஞ்சின் தடித்த ஒயரால் பேட்டரியின் மைனஸோடு கட்டப்பட்டிருக்கும். உங்கள் காரில் என்ன நடக்கிறது? ஹோஸை நடுவில் வெட்டி, ஒரு அலுமினிய அடாப்டரை நுழைத்து, அதில் சுவிட்சைத் திருகுகிறீர்கள். அடாப்டருக்கு இந்தப் பக்கம் ரப்பர், அந்தப் பக்கமும் ரப்பர். அல்லது ரேடியேட்டர் தொட்டியிலேயே ஒரு மரை வைத்து வெல்டிங் செய்து திருகுகிறீர்கள். ரேடியேட்டரோ அதிர்வு தாங்க ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் சுவிட்சின் உடம்பு எர்த்தைத் தொடவே இல்லை. தகடு சரியாக 92ல் வளைகிறது, முனைகள் சரியாகச் சேர்கின்றன, மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. நீங்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டினால் அதுவும் இதே இடத்தில் இதே மாதிரிச் சும்மா இருக்கும். சுவிட்ச் கழுத்தில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றுவதும் இதே வகைக் குறும்பு. டேப்பைத் தவிர்த்து, அடாப்டரில் ஒரு சின்ன எர்த் ஒயரைப் பிடித்துவிட்டால் தீர்ந்தது.

எர்த்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாப் பழுதையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் அழகாகச் செய்துவிட்டு, அதன் மேலேயே எர்த் டெர்மினலை வைத்து போல்ட்டை இறுக்குகிறோம். போல்ட்டின் மரை வழியே கொஞ்சம் மின்சாரம் போகும். மல்டிமீட்டரை வைத்தால் பீப் அடிக்கும், எல்லோரும் திருப்தி. பல மீட்டர்கள் 30 ஓமுக்குக் கீழே எதைக் கண்டாலும் பீப் அடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஃபேன் 10 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். அந்த எர்த்தில் 0.2 ஓம் இருந்தால் போதும், 2 வோல்ட் அங்கேயே போய்விடும். 20 வாட் சூடு அந்த ஒற்றை போல்ட்டில் இறங்கும். பெயின்ட் கருகும், தடை இன்னும் கூடும். 12 வோல்ட்டுக்குப் பதில் 10 வோல்ட் கிடைத்த ஃபேன் சுற்றவே செய்கிறது, சோம்பலாக. கண்ணுக்கு ஃபேன் ஓடுகிறது, தண்ணீருக்குக் காற்றுப் போதவில்லை. இதை பீப் சத்தம் ஒருநாளும் காட்டிக்கொடுக்காது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் தூணிலும் மறுமுனையை ஃபேன் மோட்டாரின் மைனஸ் முனையிலும் தொடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதேபோல பேட்டரி பிளஸ்ஸிலிருந்து மோட்டாரின் பிளஸ் வரை ஒரு தரம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா? டெர்மினல் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி வெள்ளை உலோகம் தெரியச் செய்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினால் தாமிரபரணிக் கரையின் ஈரக் காற்றுக்கும் தாங்கும்.

ரிலே பற்றிச் சுருக்கமாக. 85, 86 சுருள். 30, 87 தொடுமுனை. சுருள் இழுப்பது ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதைத்தான் சுவிட்ச் சுமக்க வேண்டும். சில கார்களின் சுவிட்சுகள் ஃபேனின் முழுச் சுமையையும் தாங்கும்படி செய்யப்பட்டவை, சில அப்படி இல்லை. பழைய சாமான் கடையில் எடுத்ததற்கு எந்த வகை என்று தெரியாது. ரிலே இல்லாமல் கொடுத்தால், மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் பல மடங்கு மின்சாரத்தில் தொடுமுனை கருகும், அல்லது ஒட்டிக்கொண்டு ஃபேனை நிறுத்தவே விடாது. அப்படிச் செத்த சுவிட்சைக் காட்டி "பார்த்தீர்களா, சுவிட்ச்தான் பழுது" என்று வாதிடலாம். கொன்றது நாம்தானே.

மின்சாரம் எல்லாம் சரி, துண்டுக் கம்பி வைத்தால் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, ஆனாலும் மீட்டரில் 105 டிகிரி வந்த பிறகுதான் தானாக ஓடுகிறது என்றால்? இங்கேயும் சுவிட்சைக் குற்றம் சொல்ல அவசரப்பட வேண்டாம். சுவிட்சுக்குத் தெரிந்தது தன் மூக்கைத் தொடும் தண்ணீரின் சூடு மட்டும். எஞ்சினிலிருந்து சூடான தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில் அது இருக்கிறதா, குளிர்ந்து வெளியேறும் பக்கத்தில் இருக்கிறதா என்பதே பாதி விடை. மெதுவாக நகரும் வண்டியில் ரேடியேட்டர் தண்ணீரை 8 டிகிரி குளிர்விக்கிறது என்று வைத்துக்கொண்டால், வெளியேறும் பக்கத்து 92 டிகிரி சுவிட்ச் விழிப்பதற்குள் உள்ளே வருவது 100ஐத் தொட்டிருக்கும். அந்தப் பக்கத்துக்கு இன்னும் குறைந்த சூட்டில் சேரும் சுவிட்ச் வேண்டும், அல்லது இடத்தை மாற்ற வேண்டும். அடுத்தது ஏர் லாக். ரேடியேட்டர் எஞ்சினைவிடத் தாழ்வாகவும், ஹோஸ் நடுவில் மேடாகவும் போகும் அமைப்புகளில் மேட்டில் காற்று தங்கும். சுவிட்சின் மூக்கு அந்தக் காற்றுக்குள் நின்றால் கீழே தண்ணீர் கொதித்தாலும் அதற்குத் தகவல் போகாது. சுவிட்சை மேட்டில் வைக்காதீர்கள். மேட்டில் காற்றை வெளியேற்றும் திருகு வையுங்கள். தண்ணீரின் தரமும் இதில் சேர்த்தி. போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்று நம் வீடுகளில் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருந்து அடுப்பேற்றுவார்களே, அந்த உப்புதான் சுவிட்சின் மூக்கிலும் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் வெள்ளையாகப் படிகிறது. ஆற்றுத் தண்ணீர் தேவலாம் என்றாலும் அதிலும் கரைந்த உப்பு உண்டு. பேட்டரிக் கடையில் விற்கும் உப்பு நீக்கிய தண்ணீர் விதிப்படியும் வெறும் தண்ணீர்தான், விலையும் சொற்பம். இன்னொன்று, பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் இந்த மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் அதே சத்தம், காற்று மட்டும் வண்டி ஓடும்போது வரும் காற்றுக்கு எதிராக. ரேடியேட்டர் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்து, ஒட்டுகிறதா பறக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊர்க் காற்றையும் வெயிலையும் சொல்லாமல் இந்தச் சோதனை முழுமையாகாது. ரேடியேட்டர் இறக்கும் சூடு, தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. பாளையங்கோட்டையில் மே மாதம் 40 டிகிரி அடிக்கும் மதியத்தில் 95 டிகிரி தண்ணீருக்கு வித்தியாசம் 55. வெளியே 30 இருக்கும் நாளில் அதே வித்தியாசம் 65, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். இங்கே கோடையில் நின்று தாங்கிய வண்டிக்குப் போட்டித் திடலின் வெயில் சிரமமாக இருக்காது. ஆனால் ஜூன் தொடங்கிச் சில மாதங்களுக்கு மேற்கேயிருந்து கணவாய் வழியே அடிக்கும் காற்று ஏமாற்றிவிடும். அந்தக் காலத்தில் வண்டியின் மூக்கை மேற்கே திருப்பி நிறுத்திச் சோதித்தால் ஃபேன் ஓடாமலேயே சூடு இறங்கும். கிழக்கே திருப்பினால் ஃபேன் காற்றோடு மல்லுக்கட்டும். வண்டியைத் திருப்பி நிறுத்தி இரண்டு தரமும் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் சூடு ஏறினால் சுவிட்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி உங்கள் பக்கத்து வாதங்கள். "பந்தய வண்டிக்கு எதற்கு இத்தனை? டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து எப்போதும் ஓட விட்டால் போகிறது." இதில் நியாயம் இருக்கிறது, தெர்மோ சுவிட்சுக்கு இணையாகக் கைச் சுவிட்ச் ஒன்று இருப்பதை நானும் ஆதரிக்கிறேன். இணையாக, பதிலாக அல்ல. முதல் காரணம், பழுது எர்த்திலோ டெர்மினலிலோ இருந்தால் கைச் சுவிட்ச் வழியே போகும் மின்சாரமும் அதே சந்தில்தான் திரும்பியாக வேண்டும். ஃபேன் அதே சோம்பலோடு சுற்றும். இரண்டாவது, 10 ஆம்பியர் என்றால் 120 வாட். ஒற்றை சிலிண்டர் பைக் எஞ்சினின் ஆல்டர்னேட்டர், ஹெட்லைட்டும் இன்ஜெக்‌ஷனும் ஓட்டக் கணக்குப் பார்த்துச் செய்தது, ஐடிலில் அது தருவது இன்னும் குறைவு. ஃபேன் இடைவிடாமல் ஓடினால் பேட்டரி இறங்கும், பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம் தளரும், ஓட்டுநர் மாறிய பிறகு ஸ்டார்ட்டர் இழுக்காது. ஓட்டுநர் சுவிட்சைப் போட மறப்பது தனி.

"எங்கள் வண்டியில் தெர்மோ சுவிட்சே கிடையாது, ஈ.சி.யு.தான் ஃபேனைப் போடுகிறது" என்பவர்களுக்கு இந்த வாதம் இன்னும் இறுக்கமாகப் பொருந்தும். சூடு ஏற ஏறத் தடை குறையும் சென்சாரை வைத்து ஈ.சி.யு. கணக்குப் போடுகிறது. சென்சாரின் எர்த்தையும் ஃபேனின் எர்த்தையும் ஒரே போல்ட்டில் பிடித்திருக்கிறீர்களா? ஃபேன் ஓடத் தொடங்கியதும் அந்த போல்ட்டில் அரை வோல்ட் ஏறுகிறது. சென்சாரின் வோல்ட்டும் கூடவே ஏறும். ஈ.சி.யு.வுக்கு அது தண்ணீர் திடீரென்று குளிர்ந்ததாகத் தெரியும், ஃபேனை அணைத்துவிடும். அணைத்ததும் வோல்ட் இறங்கும், மறுபடி சூடாகத் தெரியும், மறுபடி போடும். ரிலே படபடவென்று அடிக்கும். சென்சாரை மாற்றுவீர்கள், புது சென்சாரும் இதையே செய்யும். சென்சாரின் எர்த் நேராக ஈ.சி.யு.வின் சென்சார் எர்த் முனைக்குப் போக வேண்டும், ஃபேன் பக்கமே தலைகாட்டக் கூடாது.

"போட்டிக்கு முந்தைய ராத்திரி இதெல்லாம் அளந்துகொண்டிருக்க நேரம் ஏது?" நேரத்தைப் பார்த்தால்தான் அளப்பது லாபம். சுவிட்சை மாற்ற வேண்டுமென்றால் எஞ்சின் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். பிறகு தண்ணீரை இறக்கி, சுவிட்சைக் கழற்றி மாட்டி, தண்ணீர் நிரப்பி, காற்று எடுத்து, மறுபடி சூடேற்றிப் பார்க்க வேண்டும். இந்த அவசரத்தில் காற்றைச் சரியாக எடுக்காமல் விட்டால், இல்லாத ஏர் லாக் ஒன்றைப் புதிதாக உண்டாக்கியிருப்பீர்கள். துண்டுக் கம்பியும் மீட்டரும் தண்ணீரைத் தொடாமலேயே முக்கால்வாசி விடையைச் சொல்லிவிடும். கம்பி வைத்தும் ரிலே கிளிக் அடிக்கவில்லையா, ஃபியூஸிலிருந்து 86 வரை பாருங்கள். கிளிக் அடித்தும் ஃபேன் சுற்றவில்லையா, 30, 87, மோட்டார், எர்த். இரண்டு முனை சுவிட்சானால் கம்பியை இரண்டு ஒயருக்கும் இடையே வையுங்கள். ஒற்றை முனையானால் அந்த ஒயரை முதலில் சேசிஸிலும், பிறகு சுவிட்சின் உடம்பிலும் தொடுங்கள்; சேசிஸில் தொட்டால் ஓடி, உடம்பில் தொட்டால் ஓடாவிட்டால் சுவிட்சின் உடம்புக்கு எர்த் இல்லை. சோதிக்கும்போது ஒருவரும் ஃபேன் பக்கம் விரலை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். சில அமைப்புகளில் சாவியை எடுத்த பிறகும் அது தானாகச் சுற்றும்.

கடைசியாக, சுவிட்சுகள் பழுதாவதே இல்லையா? ஆகும்தான். பெட்டி மட்டும் கம்பெனிப் பெட்டியாக இருக்கும் போலிகளும் விற்கின்றன. மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் ஃபேன் ஓடாவிட்டால் அப்போது சுவிட்சைக் கழற்றுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சுவிட்சின் மூக்கு மட்டும் மூழ்கும்படி கம்பியில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரும் மீட்டரும் வைத்து அடுப்பை மெதுவாக ஏற்றுங்கள். எந்த டிகிரியில் சேர்கிறது, அடுப்பை அணைத்து ஆறவிட்டால் எந்த டிகிரியில் பிரிகிறது என்று இரண்டையும் குறித்து ஒயரில் ஒரு சீட்டாகக் கட்டுங்கள். நம் ஊர் கடல் மட்டத்துக்கு அருகே இருப்பதால் பாத்திரத்தில் 100 டிகிரி வரை போகலாம். யாராவது மாஞ்சோலை மலையில் வைத்துச் சோதித்தால் 97க்குக் கீழேயே தண்ணீர் கொதித்துவிடும், 98 டிகிரி சுவிட்ச் அங்கே சேராது. அதைப் பழுது என்று எழுதிவிடாதீர்கள். குறித்த அளவுக்கு வந்தும் சேரவில்லை என்றால் புதியது வாங்குங்கள். அதையும் பாத்திரத்தில் போட்டுப் பார்த்த பிறகே வண்டியில் மாட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்